ஓசையின்றி வாழ்ந்த ஓவியர் வெர்மீர்

நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்று மற்றுமொரு பெயர் வழங்குவதை நம்மிற் பலர் இளமையிலேயே அறிவோம். நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டிய ஒல்லாந்தர், அத்தீவுக்குத் தெரிந்தெடுத்த பெயர் அது. 1658ஆம் ஆண்டில் அவர்கள் போர்த்துக்கேயரை வென்று யாழ்ப்பாணக் கோட்டையைக் கைக்கொண்டனர். அவர்தம் கிழக்கிந்தியக் கும்பனியின் ஆறு கிளைச் சபைகளுள் ஒன்று டெல்வ்ற் நகரில் இருந்தது. அக்காலத்துத் தளபதிகளின் பெயர்களையும் தேசாதிபதிகளின் பெயர்களையும் சரித்திர பாடத்திற் கற்றோம். பரீட்சை முடிந்ததும் மறந்தோம். அவர்கள் இங்கே பீரங்கிகளோடு வந்திறங்கிய அதே காலப்பகுதியில், அந்த டெல்வ்ற் நகரத்து வீடொன்றிலே இருபத்தைந்து வயதுடைய ஒருவர், மண் சாடியிலிருந்து பால் வார்க்கும் பணிப்பெண் ஒருத்தியைத் தீட்டும் நாட்களை எட்டிக்கொண்டிருந்தார். கோட்டையைப் பிடித்தவர்களின் ஆட்சி 1795ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை விட்டகன்றது. அப்பெண் வார்க்கும் பால் இன்றும் வழிந்துகொண்டிருக்கின்றது. அதனைத் தீட்டிய யொகன்னஸ் வெர்மீர் என்பாரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுதலே ஈண்டு நாம் மேற்கொண்ட பணி.

வெர்மீர் 1632ஆம் ஆண்டு ஐப்பசித் திங்கள் 31ஆம் நாள் டெல்வ்ற் நகரத்துப் புதிய தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார். தந்தையார் ரெய்னியர் இளமையிற் பட்டு நெசவாளர். பின்னர் விடுதி நடத்தியவர். அதனோடு ஓவியங்களை வாங்கி விற்கும் தொழிலையும் செய்தவர். 1641ஆம் ஆண்டளவில் நகரின் பெருஞ்சந்தைச் சதுக்கத்தில் மெக்கெலன் என்னும் விடுதியை அவர் வாங்கினார். வருவோர் போவோர் பேசும் பேச்சும், சுவரில் மாட்டிய படங்களைப் பற்றிய விலை வாதமும் கேட்டே சிறுவன் வளர்ந்தான். அவன் ஞானஸ்நானம் பெற்ற நான்கு நாட்களின் பின், அதே தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்ற மற்றொரு குழந்தை அன்ரனி வான் லேவன்ஹூக். தாமே தீட்டிய வில்லைகள் மூலம் நுண்ணுயிர்களை உலகுக்குக் காட்டிய பேரறிஞர் அவர். கண்ணுக்குப் புலப்படாதவற்றை ஒருவர் கண்டார். கண்ணெதிரே கிடந்தும் எவரும் நின்று பாராதவற்றை மற்றவர் கண்டார். ஒரே ஊர் ஒரே வாரத்தில் இவ்விருவரையும் ஈன்றது வியப்புக்குரியதன்றோ!

தந்தையார் 1652ஆம் ஆண்டிற் காலமானார். விடுதியும் அதன் கடன்களும் இருபது வயது இளைஞரின் தோள்மேல் விழுந்தன. அடுத்த ஆண்டிலேயே வெர்மீர் கதரீனா போல்னெஸ் என்னும் பெண்ணை மணந்தார். பெண்ணின் தாயார் மரியா தின்ஸ் செல்வமும் உறுதியும் உடைய கத்தோலிக்க மாது. மணமகனோ புரட்டஸ்தாந்து மரபிற் பிறந்தவர், கையிற் பொருளில்லாதவர். மணத்துக்குச் சம்மதம் கேட்டு லெயோனார்ட் பிராமர் என்னும் மூத்த ஓவியரும் படைத்தலைவர் ஒருவரும் அம்மாதிடம் தூது சென்றனர். கையொப்பமிட அவர் மறுத்தார். ஆயினும் திருமணத்தைத் தடுக்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டார். அந்த அரைச் சம்மதத்தோடு தொடங்கிய உறவு காலப்போக்கில் முழு ஆதரவாக மாறியது. சில ஆண்டுகளுள் தம்பதியர் அம்மாதின் வீட்டிலேயே குடியேறினர். மருமகனுக்கு இறுதிவரை துணை நின்றவர் அந்த மாமியாரே.

மணமான ஆண்டின் மார்கழி மாதத்தில் வெர்மீர் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். அதற்குரிய கட்டணம் ஆறு கில்டர். அன்று அவரால் ஒன்றரைக் கில்டர் மாத்திரமே செலுத்த முடிந்தது. மிகுதியைச் செலுத்த 1656ஆம் ஆண்டு வரை சென்றது. பின்னாளில் அதே சங்கம் அவரை 1662ஆம் ஆண்டிலும் 1670ஆம் ஆண்டிலும் தன் தலைவர்களுள் ஒருவராகத் தெரிவு செய்தது. கட்டணத்துக்குத் தவணை கேட்ட கைக்கே நிருவாகப் பொறுப்பு வந்து சேர்ந்தது. தம் ஊரவரிடையே அவர் மதிப்புப் பெற்று வாழ்ந்தார் என்பதற்கு இதுவே சான்று.

அவர் தொழிலுக்குப் புகுந்த காலத்திலே டெல்வ்ற் நகரம் ஒரு பேரிடியைக் கண்டது. 1654ஆம் ஆண்டு ஐப்பசி 12ஆம் நாள் நகரின் வெடிமருந்துக் களஞ்சியம் வெடித்தது. ஏறக்குறைய தொண்ணூறாயிரம் இறாத்தல் வெடிமருந்து ஒருங்கே தீப்பற்றியதால் நகரின் ஒரு பகுதி தரைமட்டமாயிற்று. ரெம்பிராண்டின் மாணாக்கரும் டெல்வ்ற் ஓவியர்களுட் சிறந்தவருமான கரெல் பப்ரிசியஸ் அவ்விபத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 32. அவருடைய படங்களுட் பலவும் அவருடன் அழிந்தன. பதின்மூன்று ஆண்டுகளின் பின் வெளியான நகர வரலாற்று நூலொன்றில் இடம்பெற்ற இரங்கற்பா, பப்ரிசியஸ் எரிந்த நெருப்பிலிருந்து எழுந்தவர் வெர்மீர் என்று போற்றியது. அந்த ஓசையையும் புகையையும் கண்டறிந்தவரே பின்னர் ஓசையற்ற அறைகளை வரையத் தலைப்பட்டார் என்பதை நாம் மறத்தலாகாது. அமைதியை அவர் பொருளில்லாமற் போற்றவில்லை. அது எத்துணை எளிதிற் சிதறும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இளமையிற் புராதன கதைகளையும் வேதாகம நிகழ்ச்சிகளையும் பெரிய துணிகளில் தீட்டிய வெர்மீர், விரைவில் அவற்றை விடுத்தார். அறை ஒன்று, இடப்பக்கத்தில் ஒரு பலகணி, அதனூடே வரும் பகலொளி, அவ்வொளியில் தன் வேலையிலே ஆழ்ந்திருக்கும் ஒருத்தி. இவ்வளவே அவர் தெரிந்துகொண்ட உலகம். ஒருத்தி கடிதம் படிக்கிறாள். ஒருத்தி தராசைத் தூக்கிப் பிடிக்கிறாள். ஒருத்தி பின்னல் வேலை செய்கிறாள். ஒருத்தி பால் வார்க்கிறாள். எவரும் நம்மைக் கவருதற்கு முயல்வதில்லை. நாம் நிற்பதை அவர்கள் அறியார்போலும் என்று எண்ணி, பார்ப்பவரே அடிமெத்தென நிற்க வேண்டியதாகின்றது.

‘பால் வார்க்கும் பெண்’ என்னும் படத்தைச் சற்றே நுணுகி நோக்குவோம். அதன் உயரம் 46 சதமமீற்றருக்கும் குறைவு. நம் வகுப்பறை வரைபடங்களைவிடச் சிறியது. வெள்ளைச் சுவரிலே ஓர் ஆணி அறைந்திருக்கின்றது. அதற்கு ஒரு சிறு நிழலும் உண்டு. பிடுங்கிய ஆணிகளின் துவாரங்களும் தெரிகின்றன. மேசைமேற் பாணின் மொருமொருத்த ஓரத்தில் ஒளி சிறு சிறு புள்ளிகளாகத் தெறிக்கின்றது. இப்படத்தை அம்ஸ்ரடாம் தேசிய நூதனசாலையார் நவீன கருவிகளால் ஆராய்ந்து, 2022ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டனர். அப்பெண்ணின் தலைக்குப் பின்னே சாடிகள் தொங்கும் பலகை ஒன்றையும், தரையிலே நெருப்புக் கூடை ஒன்றையும் வெர்மீர் முதலில் வரைந்திருந்தாராம். பின்னர் அவ்விரண்டையும் தாமே மூடி மறைத்துவிட்டாராம். வெறுஞ் சுவராய் நாம் காண்பது வரைய மறந்த இடமன்று. வரைந்த பின் துறந்த இடம். வேண்டாதவற்றை நீக்கியமையாலேயே அப்பெண் மலைபோல் நிற்கின்றாள். கட்டுரை எழுதும் மாணவரும் இதிலிருந்து கற்கத்தக்கது ஒன்றுண்டு.

அவர் வாங்கிய வண்ணங்களிலும் ஒரு நேர்மை காணப்படும். அக்காலத்திற் சிறந்த நீலம், அப்கானிஸ்தானத்து மலைகளிலிருந்து வந்த இராசவர்த்தக் கல்லை அரைத்துப் பெறப்பட்டது. அதன் விலை மிக அதிகம். ஏனைய ஓவியர் மலிந்த நீலங்களைக் கொண்டு காரியத்தை முடித்தனர். வெர்மீரோ அந்த விலையுயர்ந்த நீலத்தைத் தலைப்பாகைக்கும் மேலங்கிக்கும் மட்டுமன்றி, நிழல்களின் அடியிலும், மேலே தெரியாத இடங்களிலும் பூசினார். காண்பாரில்லாத இடத்திலும் குறைவையாத தொழில் அது.

‘டெல்வ்ற் நகரக் காட்சி’ அவர் வீட்டுக்கு வெளியே சென்று நோக்கியதன் பேறு. மழை விட்ட காலை, மேலே கருமுகில், முன்னே ஆற்று நீர், கரையிலே சில மாந்தர். நகரின் முன்வரிசை நிழலிற் கிடக்க, உள்ளே நிற்கும் புதிய தேவாலயக் கோபுரத்தின்மேல் வெயில் விழுகின்றது. அவர் ஞானஸ்நானம் பெற்ற இடம் அது. ‘முத்துத் தோடணிந்த நங்கை’ என்னும் படத்தை அறியாதார் இன்று அரியர். கறுத்த பின்புலத்திலிருந்து ஒரு பெண் திரும்பி நம்மை நோக்குகின்றாள். அம்முத்து வெள்ளை வண்ணத்தின் சில தீற்றல்களேயன்றி வேறன்று. காதில் அதனை மாட்டும் கொளுவிகூட வரையப்படவில்லை. கறுப்பாகத் தோன்றும் பின்புலமும் ஆதியில் ஒரு பச்சைத் திரையாக இருந்ததென 2020ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி கண்டது.

இங்ஙனம் உழைத்தவர் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று படங்களுக்கு மேல் முடித்தாரல்லர் என்பது அறிஞர் கணிப்பு. உள்ளூர்ச் செல்வரான பீற்றர் வான் ரெயிவனும் அவர் மனைவி மரியா டி நெயிற் என்பவரும் அவற்றுட் பெரும்பாலனவற்றை வாங்கி ஆதரித்தனர். அம்மாது 1665ஆம் ஆண்டில் எழுதிய மரண சாதனத்தில் ஓவியருக்கு 500 கில்டர் ஒதுக்கி வைத்தார். ஆதரவாளர் அருகிலே இருந்தமையால் பட்டினிக்கு இடமில்லை. ஆனால் படங்கள் யாவும் ஒரே ஊரில் தங்கியமையால் பெயர் வெளியே பரவவும் இடமில்லை. 1663ஆம் ஆண்டில் மொன்கொனி என்னும் பிரெஞ்சுப் பிரபு அவரைத் தேடி டெல்வ்ற் சென்றார். காட்டுதற்கு வீட்டில் ஒரு படமும் இல்லை. பாண் சுடுபவர் ஒருவரின் வீட்டில் ஒரு படம் இருந்தது. ஒரே ஓர் உருவமுள்ள அப்படத்துக்குச் சொல்லப்பட்ட விலை மிகை என்று தம் நாட்குறிப்பில் எழுதிவிட்டு அப்பிரபு அப்பாற் சென்றார்.

1672ஆம் ஆண்டை ஒல்லாந்தர் பேரிடர் ஆண்டு என்றே இன்றும் குறிப்பிடுவர். பிரான்சு தேசத்துப் படைகள் நாட்டினுட் புகுந்தன. பகைவர் முன்னேறாதவாறு ஒல்லாந்தர் தம் அணைகளைத் திறந்து வயல்களை வெள்ளத்தில் மூழ்கவிட்டனர். மரியா தின்ஸ் அம்மையாரின் நிலங்களும் நீரில் ஆழ்ந்தன. குத்தகை வரவு நின்றது. படம் வாங்குவாரும் இலராயினர். அவ்வாண்டு வைகாசி மாதத்தில், இத்தாலியப் பேராசிரியர்களின் படைப்புக்களென்று பிராந்தன்பேர்க் சிற்றரசருக்கு விற்கப்பட்ட சில படங்களைப் பரிசோதித்துக் கூறுமாறு வெர்மீர் ஹேக் நகருக்கு அழைக்கப்பட்டார். அவை இத்தாலியச் சிறந்த ஓவியங்கள் அல்லவென்றும், கேட்ட விலையிற் பத்திலொரு பங்குகூடப் பெறாதவை என்றும் அவர் மற்றோர் ஓவியருடன் சேர்ந்து சாட்சியம் அளித்தார். பெரிய பெயர்களுக்கு அஞ்சாமல் படத்தை மட்டும் பார்த்துச் சொன்ன தீர்ப்பு அது. இதனை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

வெர்மீர் தம்பதியருக்குப் பதினைந்து பிள்ளைகள் பிறந்தனர். நால்வர் மழலைப் பருவத்திலேயே மாண்டனர். எஞ்சிய பதினொருவரையும் போற்ற வழியின்றி 1675ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் வெர்மீர் அம்ஸ்ரடாமில் 1,000 கில்டர் கடன் வாங்கினார். அவ்வாண்டு மார்கழியில் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 43. யுத்தத்தாற் தொழில் முடங்க, பிள்ளைகளின் பாரம் நெஞ்சை அழுத்த, நல்ல சுகத்தோடிருந்தவர் ஒன்றரை நாளுள் மரணத்தை எய்தினார் என்று மனைவியார் பின்னர் அதிகாரிகளுக்கு விடுத்த மனுவிற் கூறினார். பழைய தேவாலயத்தில், முன்னர் இறந்த தம் குழந்தைகள் கிடந்த குடும்பக் கல்லறையிலே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

கதரீனா அம்மையார் எதிர்கொண்ட நிலை கல்லையும் உருக்கும். பாண் கடைக்கு மட்டும் 600 கில்டருக்கு மேற் கடன் இருந்தது. பாண்காரர் இரண்டு படங்களை ஈடாகப் பெற்றுக்கொண்டு, ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கடனைத் தீர்த்தால் அவற்றைத் திருப்பித் தருவதாக உடன்பட்டார். ‘ஓவியக் கலை’ என்னும் படத்தை வெர்மீர் இறுதிவரை விற்காமல் வைத்திருந்தார். கடன்காரர் கைக்கு அது போகாதிருக்கும் பொருட்டு அம்மையார் அதனைத் தம் தாயாரின் பெயருக்கு மாற்றினார். ஆயினும் பயனில்லை. 1676ஆம் ஆண்டில் கடனாளிச் சொத்தை மேற்பார்வை செய்ய நகரத்தார் ஓர் உத்தியோகத்தரை நியமித்தனர். அவர் வேறு யாருமல்லர். நான்கு நாள் இடைவெளியில் ஞானஸ்நானம் பெற்ற அந்த லேவன்ஹூக்கே. அவர் தம் கடமைப்படி படங்களை ஏலத்துக்கு விடுவித்தார். உலகின் மிக நுண்ணிய கண்ணுடையார் இருவரின் வழிகள் ஏட்டிலே ஒன்றாய்க் காணப்படுவது இத்துயரத்தில்தான்.

அதன் பின் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் மறதி. ஆதரவாளர் குடும்பத்தின் தொகுதி 1696ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாமில் ஏலமாயிற்று. அதில் வெர்மீரின் படங்கள் 21. ‘நகரக் காட்சி’ 200 கில்டருக்கும் ‘பால் வார்க்கும் பெண்’ 175 கில்டருக்கும் விலைபோயின. நாளடைவில் ஓவியங்கள் மறையவில்லை; ஓவியரின் பெயரே மறைந்தது. கணவருக்காக மனைவியார் காக்க முயன்ற ‘ஓவியக் கலை’, பீற்றர் டி ஹோக் என்னும் வேறோர் ஓவியரின் பெயரிலே கைமாறி வியன்னா நகரத்துப் பிரபு ஒருவரின் வீட்டை அடைந்தது. 1842ஆம் ஆண்டிலே தியோபில் தொரே என்னும் பிரெஞ்சுக் கலை விமரிசகர் ஹேக் நகரத்து நூதனசாலையில் ‘நகரக் காட்சி’யின் முன்னே நின்றார். இதனைத் தீட்டியவர் யார் என்னும் வினா அவரை விடவில்லை. அரசியற் காரணத்தால் நாடுகடந்து திரிந்த ஆண்டுகளிலும் அவர் தேடினார். 1866ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கட்டுரைகள் வெர்மீரை மீண்டும் உலகுக்கு அளித்தன. அவர் தொகுத்த பட்டியலிற் பிழைகள் பல. ஆனால் தேடலிற் பிழையில்லை. இவ்வளவின் பின்னும் 1881ஆம் ஆண்டு ஹேக் நகரத்து ஏலமொன்றில் ‘முத்துத் தோடணிந்த நங்கை’ அழுக்கடைந்த நிலையில் 2 கில்டருக்கும் 30 சதத்துக்கும் விற்கப்பட்டாள். வாங்கியவர் அதனை நூதனசாலைக்கே எழுதி வைத்துச் சென்றார்.

பெயர் உயர்ந்ததும் பொய்யும் உடன் வந்தது. ஹான் வான் மேகரன் என்னும் ஒல்லாந்து ஓவியர், தம் சொந்தப் படங்களை விமரிசகர் மதிக்கவில்லை என்று சினந்தார். பழைய துணியை எடுத்து, வண்ணத்தோடு செயற்கைப் பிசினைக் கலந்து, சூட்டில் இறுக வைத்து, வெர்மீரின் பெயரில் வேதாகமப் படமொன்றைத் தீட்டினார். 1937ஆம் ஆண்டில் அக்காலத்து முதன்மை அறிஞரே அதனை வெர்மீரின் தலைசிறந்த படைப்பென்று புகழ்ந்தார். ரொட்டர்டாம் நூதனசாலை அதனைப் பெரும் பொருள் கொடுத்து வாங்கியது. யுத்தகாலத்தில் அத்தகைய மற்றொரு படம் ஜேர்மன் தலைவர் கோரிங் கையை அடைந்தது. தேசத்தின் செல்வத்தைப் பகைவனுக்கு விற்ற குற்றத்துக்காக 1945ஆம் ஆண்டிற் கைதாகிய வான் மேகரன், அவை யாவும் தாம் தீட்டியவையே என்று ஒப்புக்கொண்டார். எவரும் நம்பாமையால் காவலர் முன்னிலையிலேயே இன்னொன்றைத் தீட்டிக் காட்டினார். 1947ஆம் ஆண்டில் ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்று, அதனை அனுபவிக்கு முன்னரே இறந்தார். பெயரை நோக்காது படத்தை நோக்கிப் போலியைப் போலியென்று சொன்ன வெர்மீரின் பெயரைக் கண்டே, கற்றோர் போலிக்குத் தலைவணங்கினர். ஹேக் நகரில் அவர் அன்று அளித்த சாட்சியத்தின் பொருள் நமக்கு இப்போது விளங்குகின்றது.

இன்று அவருடையவை என்று பொதுவாக ஏற்கப்படும் படங்கள் ஏறக்குறைய 37. அவற்றுள் ஒன்று 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்து நூதனசாலையிலிருந்து களவாடப்பட்டது. 2023ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாமில் 28 படங்கள் ஒருங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றைக் காண ஆறரை இலட்சம் மக்கள் சென்றனர். பாண்காரரின் வீட்டில் ஒரு பிரபு ஒரு கணம் நின்று கடந்த கலைக்கு முன், உலகம் வரிசையில் நின்றது.

இவ்வரலாற்றை முடித்துவைக்கு முன் நம் உள்ளத்தை உறுத்தும் ஒரு வினாவை மறையாது கூறுதல் நேர்மையாகும். நீலக் கல்லுக்குப் பணம் தேடியவர் பாண் கடனைத் தீர்த்தாரல்லர். ஆண்டுக்கு இரண்டு படங்கள் என்ற நிதானத்தின் விலையை அவரோடு சேர்ந்து அவர் மனைவியும் பதினொரு பிள்ளைகளும் கொடுத்தனர். பின்வந்த புகழில் ஒரு சதமும் அவர்கள் கையை எட்டவில்லை. ஆதலின், உண்மைத் தொழிலுக்கு உலகம் என்றேனும் கூலி கொடுத்தே தீரும் என்று இளைஞருக்கு உறுதி கூற நாம் துணியோம். கொடுத்தாலும் உரியவர் இருக்கும்போது கொடுக்கும் என்பதில்லை. ஒன்றுமட்டும் சொல்லலாம். சுவரிலுள்ள ஆணியின் நிழலையும் மதித்து வரைந்த கைக்கு, அதனை வரைந்த அந்நாளிலேயே ஒரு நிறைவு கிடைத்திருக்கும். பாராட்டை எதிர்பார்த்துச் செய்த தொழிலாயின், பாராட்டில்லாத அத்துணை ஆண்டுகள் அது இத்தரத்தில் நிலைத்திராது.

விழா மலர்களில் பதவியும் பட்டமும் பெற்ற பழைய மாணவரின் பெயர்களை நிரல்படுத்துகின்றோம். அது முறையே. ஆயினும், கரும்பலகையில் ஓர் எழுத்தையும் கோணலாக எழுதாத ஆசிரியரும், கணக்கேட்டில் ஒரு சதமும் பிசகாத எழுதுவினைஞரும், தம் தொழிலைத் திருத்தமாகச் செய்து ஓசையின்றி மறைந்த பழைய மாணவரும் நம்மிடையே இருந்தனர், இருக்கின்றனர். அவர்களைத் தேடி இருநூறு ஆண்டுகளின் பின் ஒரு தொரே வருவார் என்று காத்திராது, கண்ணெதிரே இருக்கும்போதே அவர்களைக் கண்டுகொள்ளும் கண் நமக்கு வாய்க்குமாக. வெர்மீர் தீட்டிய அறைகளில் நாம் பெறத்தக்க கல்வி அதுவே.